பாட்டிக்கு ஒரு படம்

உத்திரமேரூர் என்றதும் படித்தவர்களுக்குக் குடவோலை ஞாபகம் வரும். முதலாம் பராந்தக சோழனுடைய ஆட்சியில், கி.பி. 919-இலும் 921-இலும், இவ்வூர் மகாசபையார் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையை வகுத்து, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டுவித்தார்கள். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் வேண்டும்; சொந்த மனையில் வீடு வேண்டும்; கல்வி வேண்டும்; ஒழுக்கம் வேண்டும். வயதுக்கும் ஒரு கணக்கு உண்டு. 921-ஆம் ஆண்டுச் சாசனத்தின்படி 35 வயதுக்கு மேற்பட்டவராயும் 70 வயதுக்கு உட்பட்டவராயும் இருக்கவேண்டும். தகுதியுடையவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி, சூதுவாது அறியாத சிறு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள்.

ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதனுடைய முதுமைக்கு எல்லை கட்டிய ஊர் இது என்று நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அது ஆண்பிள்ளையின் முதுமை. ஏரி வாரியத்தார் எந்த வயதில் ஏறினார்கள், எந்த வயதில் இறங்கினார்கள் என்று கல் சொல்கிறது. அந்த ஏரித் தண்ணீரில் நாற்று நட்டவளுக்கு எந்த வயதில் இடுப்பு வளைந்தது, அதைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பதைக் கல் சொல்லவில்லை. சபையாரைக் குறை கூற வந்தோமில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. நம் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அதற்குப் புகைப்படம் என்று பெயர். அதிலாவது நம் வீட்டுக் கிழவிகளுக்கு இடம் கொடுத்திருக்கிறோமா என்பதே இவ்வார விசாரணை.

புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அது தமிழ்நாட்டுக் கோயில் வாசல்களில் வந்து நின்றுவிட்டது. லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி சென்னை மாகாண அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, 1858-இல் ஸ்ரீரங்கம், தஞ்சாவூர், மதுரை முதலிய இடங்களில் பெட்டி பெட்டியாகச் சாமான்களைச் சுமந்து சென்று படம் பிடித்தார். கோபுரங்களும் மண்டபங்களுமே அவருக்கு வேண்டியிருந்தன. கோபுரம் அசையாமல் நிற்கும். மனிதர் நிற்கமாட்டார் அல்லவா! மனித முகங்களைப் படம் பிடித்தவர்கள் பிற்பாடு ஊருக்கு ஊர் கடை திறந்த ஸ்டூடியோக்காரர்கள்.

அந்த ஸ்டூடியோவை இப்போது ஐம்பது அறுபது வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பின்னால் தீட்டிய திரை. அதில் மாடிப்படியும் ஏரியும் தென்னைமரமும் இருக்கும். முன்னால் ஒரு நாற்காலி. பக்கத்து முக்காலியில் காகிதப் பூ வைத்த ஜாடி. தலைமேல் கறுப்புத் துணியைப் போட்டுக்கொண்டு, "ஆடாமல், அசையாமல்" என்று அதட்டும் குரல். புருஷன் நாற்காலியில் உட்காருவான். மனைவி நாற்காலியின் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்பாள். பெரும்பாலான வீடுகளில் இதுவே சட்டம்.

ஒரு பெண்ணின் ஆயுளில் ஸ்டூடியோவுக்குப் போகும் நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். குழந்தையாக ஒரு முறை. பிறகு பூ ஜடை தைத்த நாளில் ஒரு முறை. தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்த ஜடை முதுகுப் பக்கம் இருக்கிறது. முகமோ முன்பக்கம் இருக்கிறது. இரண்டும் ஒரே படத்தில் விழவேண்டும். அதற்காக ஸ்டூடியோக்காரர் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றை வைத்திருப்பார். அதன் முன் பெண்ணைத் திருப்பி நிறுத்தினால் படத்தில் ஒரே பெண் இருவராகத் தோன்றுவாள். அதன்பின் கல்யாணப் படம். சில வீடுகளில் வளைகாப்புப் படம். அத்துடன் அவள் படங்களிலிருந்து மறைந்து போகிறாள். மகன் பட்டம் வாங்கிய படத்தில் மகன் இருக்கிறான். பேரன் ஆண்டு நிறைவுப் படத்தில் பேரன் இருக்கிறான். அவனைப் பிடித்திருக்கும் கைகள் மட்டும் இருக்கின்றன. விதவையாகிவிட்டால், அக்காலத்தில், சுபகாரியப் படங்களில் அவளுக்கு நிற்கவும் இடமில்லை.

"படம் எடுத்தால் ஆயுசு குறையும்" என்ற நம்பிக்கை வேறு இருந்தது. இதைக் கேட்டுப் படித்தவர்கள் சிரிப்பார்கள். நமக்குத் தோன்றுவது என்னவென்றால், அந்த அச்சத்துக்கு ஒரு காரணம் இல்லாமல் இல்லை. கிழவிக்குப் படம் என்றால் அது மாலை போடுவதற்கான படம் என்றுதான் அவள் கண்டிருக்கிறாள். உயிரோடு இருக்கையில் யாரும் படம் எடுக்கவில்லை. இறந்தபின் நாற்காலியில் சார்த்தி வைத்துச் சுற்றத்தாரெல்லாம் சூழ நின்று எடுத்துக்கொண்ட வழக்கமும் தமிழ்நாட்டில் இருந்தது. அப்படிப்பட்ட படங்களைச் சுவரில் பார்த்து வளர்ந்தவள், காமிராவைக் கண்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டால் அதில் ஆச்சரியம் என்ன?

இந்நிலையை முதலில் மாற்றியது கலையோ பாசமோ அல்ல, சர்க்கார்தான். டி. என். சேஷன் தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்தபோது, 1993-இல், வாக்காளர்களுக்குப் புகைப்பட அடையாள அட்டை வழங்க உத்தரவாயிற்று. கிராமத்துக் கிழவிகள் பலருக்கு அதுதான் தனியாக எடுக்கப்பட்ட முதற்படம். பக்கத்தில் கணவன் இல்லை. இடுப்பில் குழந்தை இல்லை. பின்னால் தீட்டிய மாடிப்படியும் இல்லை. நாட்டின் பிரஜை என்ற ஒரே ஹோதாவில், தான் மட்டும். பிறகு ஆதார் அட்டை வந்தது. முதியோர் உதவித்தொகை மனுவிலும் படம் ஒட்ட நேர்ந்தது. தமிழ்நாட்டில் 1962-இலேயே தொடங்கிய அந்த உதவித்தொகை 2023-இல் மாதம் 1200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆகவே அந்த மனுவில் ஒட்டும் சிறு படம், கிழவியின் மருந்துக்கும் வெற்றிலைக்கும் வழி காட்டும் படமாகவும் ஆகிவிட்டது.

ஆனால் அந்தப் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றில் எந்த முகமும் தன் முகமாக இருப்பதில்லை. "இது நானா? போலீஸில் பிடித்த திருடி மாதிரி இருக்கிறேனே!" என்று ஒரு மூதாட்டி நம்மிடம் சொல்லிச் சிரித்தார்.

நம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சமயம் ஒரு வேலை கொடுத்தோம். "உங்கள் வீட்டு ஆயாவின் படம் ஒன்று கொண்டுவாருங்கள், அந்தப் படத்தைப் பற்றி அவர் சொல்வதை, அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதி வாருங்கள்" என்றோம். (இந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றே அழைப்பார்கள்.) பத்து நிமிஷத்து வேலை என்று நினைத்துக் கொடுத்தது. பிள்ளைகள் வெறுங்கையோடு வந்து நின்றார்கள். சிலர் அடையாள அட்டையைக் கொண்டுவந்தார்கள். சிலர் கல்யாணக் கூட்டப் படத்தைக் கொண்டுவந்து, யாரோ ஒரு மாமாவின் தோளுக்குப் பின்னால் தெரியும் பாதி நெற்றியைச் சுட்டிக் காட்டினார்கள். கையில் ஆளுக்கொரு கைப்பேசி இருக்கும் வீடுகள்தான் இவை. கோழிக்கும் நாய்க்குட்டிக்கும் அதில் படங்கள் இருந்தன.

"சரி, இனிமேல் எடுத்து வாருங்கள்" என்று அனுப்பினோம். அதற்குப் பிறகு வந்தவைதான் நாம் இங்கே சொல்ல விரும்புபவை.

ஒரு பெண்ணின் ஆயா ஆயுள் முழுவதும் நடவு வேலை செய்தவர். பேத்தி எடுத்த படத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்கம்மாவை எங்கேடி பிடிச்சே?" என்று கேட்டாராம். தன் வீட்டுக் கண்ணாடியில் அவர் பொட்டு வைக்கும் இடத்தை மட்டுமே பார்த்துப் பழகியவர். முழு முகத்தையும் ஒருசேரப் பார்த்தபோது, நாற்பது வருஷத்துக்கு முன் இறந்துபோன தாயார் அங்கே உட்கார்ந்திருந்தார். "கிழவி ஆயிட்டேன்னு வருத்தமா இருந்திச்சு. எங்கம்மா மூஞ்சி வந்திருக்குன்னு தெரிஞ்சதும் வருத்தம் போயிடுச்சு" என்று பேத்தி எழுதி வந்தாள். முதுமையைப் பற்றி நாம் படித்திருக்கும் நூல்களில் இவ்வளவு நேராகச் சொன்ன வாக்கியம் அதிகமில்லை.

மற்றொரு மூதாட்டி பூ ஜடைப் படத்தைத் தகரப் பெட்டியின் அடியில் அறுபது வருஷமாக வைத்திருந்தார். ஓரமெல்லாம் செல்லரித்திருந்தது. அதைப் பற்றி என்ன தோன்றுகிறது என்று பேரன் கேட்டதற்கு, "அந்தப் பொண்ணைப் பார்த்தா, 'சாப்பிட்டியாம்மா?'ன்னு கேக்கத் தோணுது" என்று பதில் சொன்னாராம். தன் பால்யத்தைத் தன் பேத்தியாக எண்ணும் வயது வந்துவிட்டது. படத்தில் அணிந்திருந்த ரவிக்கை இரவல் என்றும், அன்று காலையில் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்றும் பிறகு சொல்லியிருக்கிறார். படம் ஜடையைக் காட்டுகிறது. பசியை அவர் சொன்னால்தான் தெரியும். படத்தோடு கதையையும் வாங்கி வைக்கவேண்டும் என்று நாம் சொல்வது இதனால்தான்.

மூன்றாமவர் முதலில் மறுத்துவிட்டார். "மாலை போடறதுக்கா? நான் இன்னும் போகலைடா" என்றார். நாமே அவ்வீட்டுப் பக்கம் போக நேர்ந்தபோது திண்ணையில் இருந்தவர், "வாத்தியாரே, பிள்ளைங்களைக் கிழவிங்க மேலே ஏவி விட்டிருக்கீங்களாமே!" என்று விசாரணை நடத்தினார். விஷயத்தைச் சொன்னோம். கொஞ்சம் யோசித்தார். பிறகு, "எடுக்கட்டும். ஆனா நாற்காலி போடச் சொல்லுங்க. எல்லாப் படத்திலேயும் நின்னுக்கிட்டே இருந்துட்டேன். இதிலே உக்காந்துக்கறேன்" என்றார். பேரன் நாற்காலி கொண்டுவந்தான். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் நாற்காலியின் கைகள்மேல் வைத்து, ஒரு ஜில்லா கலெக்டரைப் போல் அமர்ந்தார். நாம் சொல்லிக் கொடுத்த தோரணை அல்ல அது. வேறு யாரும் சொல்லிக் கொடுத்ததாகவும் தெரியவில்லை.

இன்னொரு ஆயா தம் முகத்தைக் காட்டாமல் கைகளைக் காட்டினார். ரேஷன் கடை இயந்திரத்தில் விரல் வைத்தால் ரேகை விழவில்லை. வருஷக்கணக்காகக் கதிர் அறுத்தும் பாத்திரம் துலக்கியும் ரேகை தேய்ந்துபோய்விட்டது. உடலுழைப்பால் முதிர்ந்தவர்கள் பலருக்கு இப்படி நேர்வதுண்டு. கண் பாவையைக் காட்டி அரிசி வாங்கி வந்தாராம். "கையிலே இருந்த கோடெல்லாம் மூஞ்சிக்கு ஏறிடுச்சு" என்றார். அந்தக் கைகளின் படம் நம் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது.

முகத்துக் கோடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய ஸ்டூடியோக்காரர்கள் நெகடிவின்மேல் கூரிய பென்சிலால் நுணுக்கமாகத் தீற்றி, சுருக்கங்களை மறைத்துவிடுவார்கள். 'டச்சப்' என்று அதற்குப் பெயர். மிகுந்த பொறுமையும் கைத்திறனும் வேண்டிய வேலை. இன்று கைப்பேசி அதைக் கேளாமலே செய்து தருகிறது. எழுபது வயது முகத்தை மாவு பூசிய பொம்மை முகமாக்கி, "அழகு" என்று கையில் கொடுக்கிறது. அழகுதான், ஆனால் யாருடைய முகம்? வெயிலில் கண்ணைச் சுருக்கிக் களை பிடுங்கியவளின் கண்ணோரத்துக் கோடுகள் அவளுடைய சம்பாத்தியம். அதை அவளுடைய சம்மதமின்றி அழிப்பதற்கு நமக்கு என்ன பாத்தியதை?

முதுமை அழகற்றது என்ற எண்ணம் நம் தமிழ் மரபு முழுவதற்கும் சொந்தமன்று. இளமை வேண்டும் என்று வரம் கேட்டவர்கள் எல்லா நாட்டுக் கதைகளிலும் உண்டு. முதுமை வேண்டும் என்று வரம் கேட்ட பெண்கள் நம்மிடம் இருவர் இருக்கிறார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோது விநாயகரை வேண்டி ஒரே நொடியில் கிழவியானாள் ஒளவை என்பது கர்ண பரம்பரை. 1953-இல் ஜெமினியின் 'ஒளவையார்' திரைப்படத்தில் அவ்வுருவைத் தாங்கிய கே. பி. சுந்தராம்பாள் அப்போது ஐம்பது வயதைத் தொடாதவர். ஆயினும் அந்நாள் முதல் தமிழ்நாட்டில் ஒளவைக்கு அவர் முகமே முகமாயிற்று. 1968-இல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் சிலைகள் வைத்தபோது, அங்கேயும் ஒளவை கோலூன்றிய மூதாட்டியாகவே நின்றாள்.

மற்றவர் காரைக்கால் அம்மையார். கணவன் தன்னைத் தெய்வமென்று அஞ்சி விலகியபின், அவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு என்று கேட்டு, எலும்பும் நரம்புமான பேயுருவை வேண்டிப் பெற்றவர். சோழ நாட்டுச் சிற்பிகள் அவ்வுருவை வெண்கலத்தில் வார்த்தார்கள். வற்றிய மார்பும் துருத்திய எலும்புமாய், கையில் தாளத்தோடு, முகத்தில் ஆனந்தத்தோடு இருக்கும் அச்சிலைகளில் சில இன்று அமெரிக்காவில் நியூயார்க், கான்சஸ் நகரத்துக் காட்சிசாலைகளில் இருக்கின்றன. சிவாலயங்களில் அறுபத்துமூவர் வரிசையைக் கவனித்திருப்பீர்கள். மற்ற நாயன்மாரெல்லாம் நிற்க, அம்மையார் அமர்ந்திருப்பார். நாற்காலி கேட்ட உத்திரமேரூர் ஆயாவுக்கு இந்தச் செய்தி தெரியுமா என்று நாம் கேட்கவில்லை.

மேல்நாட்டாரும் இவ்விஷயத்தில் சிந்தித்திருக்கிறார்கள். நிக்கோலஸ் நிக்ஸன் என்ற அமெரிக்கர், தம் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் 1975 முதல் 2022 வரை ஆண்டுக்கு ஒரு படமாக எடுத்தார். நால்வரும் ஒவ்வோராண்டும் அதே வரிசையில் நிற்பார்கள். படங்களை அடுத்தடுத்துப் பார்த்தால், கன்னிப் பெண்கள் நம் கண்ணெதிரிலேயே மூதாட்டிகளாகிறார்கள், தலை நரைக்கிறது, ஆனால் ஒருவர் தோளில் ஒருவர் சாய்வது அதிகமாகிறது. காமிராவுக்குப் பின்னாலும் மூத்த பெண்கள் நின்றதுண்டு. 1815-இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் காமரூன் அம்மாள் தமது 48-ஆவது வயதில், மகள் பரிசளித்த காமிராவால், இக்கலையைத் தொடங்கினார். 1875-இல் இலங்கைக்குக் குடிவந்து 1879-இல் அங்கேயே காலமானார். இலங்கையில் அவர் தோட்டத் தொழிலாளரைப் பிடித்த படங்கள் சில எஞ்சியுள்ளன. அவற்றில் தமிழர் முகங்கள் உண்டு. கலைநயம் மிகுந்த படங்கள். ஆனால் அந்த முகங்களுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. எடுத்தவர் பெயர் உலகறிந்தது. எடுக்கப்பட்டவர் பெயர் போய்விட்டது.

பெயர் போவது இலங்கைத் தோட்டங்களில் மட்டும் நிகழ்ந்ததன்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களிலும் வீடுகளிலும் அழிந்துகொண்டிருந்த படங்களைத் தேடிச் சேர்த்து, பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டம் ஒன்றின் துணையோடு மின்னுருவில் பாதுகாத்திருக்கிறார்கள். அரிய தொண்டு. கண்ணாடித் தகட்டில் பூஞ்சை பிடித்தாலும் ஒரு பகுதியை மீட்டுவிடலாம். படத்திலிருப்பவள் யார், அன்று அவள் மனத்தில் என்ன இருந்தது என்பதை மீட்க எந்த இயந்திரமும் இல்லை. அதைச் சொல்லக்கூடியவள் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள், நாம்தான் கேட்பதில்லை.

பத்திரிகைகளில் கிழவிகளின் படமே வருவதில்லை என்று சொல்லமாட்டோம். மதுரைச் சின்னப்பிள்ளையின் காலைப் பிரதமர் வாஜ்பாய் தொட்டு வணங்கிய படத்தை நாடே பார்த்தது. நூறு வயது கடந்தும் வயலுக்குப் போன கோயமுத்தூர் ஜில்லாப் பாப்பம்மாள் 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார்; 2024-இல் மறைந்தார். அவர் படமும் எங்கும் வந்தது. இவர்கள் நம் வணக்கத்துக்கு உரியவர்கள். ஆனால் பிரதமர் வந்து வணங்கும் வரையில் நம் வீட்டு ஆயா படத்துக்குக் காத்திருக்க வேண்டுமா?

காத்திருந்தால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறோம். துக்கம் நேர்ந்த வீட்டில், அழுகைக்கு நடுவே, "அம்மா படம் இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்பார். அலமாரி, பெட்டி, கைப்பேசி எல்லாவற்றிலும் தேடுவார்கள். கடைசியில் அடையாள அட்டையிலிருந்தோ கல்யாணக் கூட்டத்திலிருந்தோ முகத்தை வெட்டியெடுத்து, பெரிதாக்கி, மங்கலாகி, பின்னால் நீல வானம் ஒட்டிச் சட்டம் போடுவார்கள். இனி வரும் தலைமுறைக்கு அவ்வம்மாளின் முகம் அதுதான். எழுபது எண்பது வருஷம் வாழ்ந்த ஒரு மனுஷிக்கு இதுதானா மிச்சம்?

ஆதலால் நேயர்களுக்கு நம் விண்ணப்பம் சுருக்கமானது. முதலில் அவரிடம் கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், இன்னொரு நாள் கேளுங்கள். காலை வெயில் ஏறுமுன் திண்ணையோரத்து வெளிச்சம் போதும். விளக்கும் வேண்டாம், திரையும் வேண்டாம். நீங்கள் நின்றுகொண்டு அவரைக் கீழே பார்த்து எடுக்காதீர்கள். அவர் கண்மட்டத்துக்குக் குனிந்து எடுங்கள். எந்தப் புடவை, எந்த இடம், பக்கத்தில் யார் என்பதை அவரே தீர்மானிக்கட்டும். அம்மிக்கல்லோ, பசுமாடோ, பாராயணப் புத்தகமோ, அவர் கேட்டதை வையுங்கள். சுருக்கங்களைத் தொடாதீர்கள். படத்தைக் கைப்பேசியில் புதைத்துவிடாமல் காகிதத்தில் அச்சிடுங்கள். பின்புறம் அவருடைய பெயரை எழுதுங்கள். 'பாட்டி' என்றல்ல, அவருடைய தாயார் இட்ட பெயரை. ஊரையும் வருஷத்தையும் எழுதுங்கள். "இந்த முகத்தைப் பார்த்தால் உனக்கு என்ன தோன்றுகிறது?" என்று கேட்டு, அவர் சொல்வதைத் திருத்தாமல் ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள்.

பிறகு அந்தப் படத்தை அவர் பார்க்கும்படியாகச் சுவரில் மாட்டுங்கள். மாலை வேண்டாம். மாலைக்கு இன்னும் நாள் இருக்கிறது.